அவதார் லெஜண்ட்ஸ் ஆர்பிஜி: 14 செஷன் ஆடி முடிச்ச பிறகு எழுதற ரிவியூ

முதல்லயே சொல்லிடறேன், அவதார் விஷயத்துல எனக்குப் பாசம் ரொம்ப அதிகம். தண்ணி, மண், தீ, காத்துன்னு நாலையும் ஆளற ஒருத்தரைத் தான் அவதார்னு சொல்வாங்க, அவங்களைப் பத்தின அனிமேஷன் ஷோ இது. 2005ல ஆரம்பிச்சு 2008ல முடிஞ்ச த லாஸ்ட் ஏர்பெண்டர், மொத்தம் 61 எபிசோடு, எத்தனை சுத்து பாத்தேன்னு கணக்கே வச்சுக்கல, அப்புறம் 2012ல இருந்து 2014 வரைக்கும் வந்த அதோட தொடர்ச்சி கோராவையும் விடல. இன்னொரு பக்கம் டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது நாலஞ்சு பேர் சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒரு கேரக்டரா மாறி, ஒருத்தர் ஜிஎம்மா கதையை நடத்த, டைஸ் உருட்டி அடுத்து என்ன ஆகுதுன்னு சேர்ந்து பாக்கற விளையாட்டு, அது எனக்கு மூச்சு மாதிரி. இந்த ரெண்டும் ஒரே புக்குல வந்துச்சுன்னா சந்தோஷம் தாங்குமா. அதனாலயே வாங்கின கையோட ரிவியூ எழுதக்கூடாதுன்னு முடிவு பண்ணேன், ஆசை இருக்கற இடத்துல குறை கண்ணுக்குத் தெரியாது. ஒரு முழு கேம்பெயின், அதாவது ஒரே தொடர்கதை, 14 செஷன், ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஆடி முடிச்சாச்சு. இப்ப எழுதறேன்.

விவரம் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் பின்கதை. இது மேக்பை கேம்ஸ் பண்ண கேம். 2021ல கிக்ஸ்டார்ட்டர்ல வந்தப்போ 95 லட்சம் டாலருக்கு மேல, 81 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க சேர்ந்து பணம் போட்டாங்க, அந்த நேரத்துல அந்த தளத்துல ஒரு ஆர்பிஜிக்கு அவ்வளவு பணம் சேர்ந்ததே கிடையாது. உள்ள ஓடற எஞ்சின் பவர்டு பை த அப்பாகலிப்ஸ், 2010ல வந்த அப்பாகலிப்ஸ் வேர்ல்டுங்கற கேம்ல இருந்து கிளை விட்ட குடும்பம் அது. இந்தக் குடும்பத்து கேம் எதையாவது ஆடியிருந்தீங்கன்னா பாதி விதி உங்களுக்கு ஏற்கனவே தெரியும். ரெண்டு சாதாரண ஆறுமுக டைஸ், உருட்டி கூட்டணும், ஸ்டேட்டையும், அதாவது கேரக்டரோட குணத்துக்குக் குடுத்த எண்ணையும், சேர்க்கணும். 10ம் அதுக்கு மேலயும் வந்தா நல்லா நடக்கும், 7ல இருந்து 9 வந்தா நடக்கும் ஆனா ஏதாவது விலை குடுக்கணும், 6ம் அதுக்குக் கீழயும் வந்தா கதை ஜிஎம் கையில. ஸ்டேட் நாலே நாலு தான், கிரியேட்டிவிட்டி, ஃபோகஸ், ஹார்மனி, பேஷன். கேரக்டர் விவரம் எழுதற ஷீட்ல இவ்வளவு கம்மியா எண்ணுங்க இருக்கறத பாத்து எங்க குரூப்ல ஒருத்தர், வருஷக்கணக்கா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற ஆர்பிஜி பக்கமே ஆடி வந்தவர், "என்னடா இது, என் உயிர் எங்க?"ன்னு தேடினார்.

உயிர்னு அவர் தேடினது ஹிட் பாயின்ட், அடி விழ விழ குறையற எண்ணு. இங்க அது கிடையவே கிடையாது! அதுக்குப் பதிலா ஃபெடீக்னு அஞ்சு கட்டம், உடம்பு களைப்பு. அதுக்கு மேல கண்டிஷன்னு ஒரு அஞ்சு, அது முழுக்க மனசு சம்பந்தப்பட்டது, பயம், கோபம், குற்ற உணர்ச்சி இந்த மாதிரி. களைப்பு நிறைஞ்சுதுன்னா அடுத்த அடி நேரா மனசுல விழும். கண்டிஷன் அத்தனையும் நிறைஞ்ச பிறகும் அடி விழுந்தா அந்த சீன்ல இருந்து நீங்க அவுட். யோசிச்சுப் பாருங்க, அந்த ஷோல யாராவது ரத்தம் போய் தோத்தாங்களா? கோபத்துல தோத்தாங்க, பயந்து தோத்தாங்க, குற்ற உணர்ச்சில கை நடுங்கி தோத்தாங்க. இதை விதியாவே எழுதி வச்சிருக்காங்கன்னு புரிஞ்ச அந்த நிமிஷம் எனக்குள்ள ஒரு நம்பிக்கை வந்துச்சு, சரி, இதை பண்ணவங்க ஷோவை நம்மள மாதிரி தான் பாத்திருக்காங்கன்னு. கண்டிஷனை எடுக்கற வழி அதைவிட அழகு. கோபம் போகணும்னா ஏதாவது முக்கியமான பொருளை உடைக்கணும், இல்ல கூட இருக்கற ஃபிரெண்டு மேலயே எரிஞ்சு விழணும். பயம் போகணும்னா ஆபத்துல இருந்து ஓடணும். குற்ற உணர்ச்சி போகணும்னா சொந்தமா எதையாவது தியாகம் பண்ணணும். மருந்து குடிச்சேன், சரியாயிடுச்சுங்கற பேச்சே இல்ல, ஒவ்வொரு தடவ மனசு சரியாகறதும் கதைல ஒரு சீனா தான் வரும்.

இனி அசல் விஷயத்துக்கு வரேன். நான் இந்த கேமை இப்படித் தலைல தூக்கி வச்சிருக்கறதுக்கு ஒரே காரணம் பேலன்ஸ் ட்ராக்.

கேரக்டர் பண்ணும்போது நீங்க முதல்ல எடுக்கறது பிளேபுக். கோர் புக்ல 10 பிளேபுக் இருக்கு. மத்த கேம்ல கிளாஸ்னா ஃபைட்டர், விசார்டுன்னு நீங்க என்ன வேலை பண்ணுவீங்கங்கறத வச்சுப் பிரிப்பாங்க, இங்க உங்க மனசுக்குள்ள என்ன இழுபறி ஓடுதுங்கறத வச்சு பிரிச்சிருக்காங்க. தீயை ஆளறவரா, மண்ணை ஆளறவரா, கத்தி புடிச்ச ஆளா, மெஷின் செய்யற ஆளாங்கறது அதுக்கப்புறம் தனியா எடுத்துக்கற விஷயம், எந்த பிளேபுக்குக்கும் எது வேணா பொருந்தும். ஒவ்வொரு பிளேபுக்குக்கும் ரெண்டு கொள்கை, ரெண்டும் எதிர் எதிர் திசை. சக்ஸெஸர்னா பாரம்பரியம் ஒரு பக்கம் முன்னேற்றம் ஒரு பக்கம். ஐகான்னா தனக்கு விதிச்ச பொறுப்பு ஒரு பக்கம் சுதந்திரம் ஒரு பக்கம். ரோக்னா நட்பா, பிழைச்சுக்கறதா. ஐடியலிஸ்ட்னா மன்னிப்பா, செயலா. பிராடிஜின்னா தன் திறமையா, கூட இருக்கறவங்களா. இந்த ரெண்டு கொள்கைக்கும் நடுவுல ஒரு கோடு, நடுவுல பூஜ்ஜியம், ரெண்டு பக்கமும் மூணு மூணு படி. உங்க கேரக்டர் ஆட்டம் முழுக்க இந்தக் கோட்டுல இங்கயும் அங்கயும் நகந்துக்கிட்டே இருக்கும். ஒரு பக்கம் பிளஸ் 2ல நின்னா இன்னொரு பக்கம் தானா மைனஸ் 2.

இத படிச்சதும் எனக்கு நேரா ஷோல வர்ற ஜூக்கோ தான் ஞாபகம் வந்தான். 13 வயசுல அப்பன் கையால முகத்துல தழும்பு வாங்கி துரத்தி விடப்பட்ட பையன், மூணு சீசன் முழுக்க அவன் ஒரு கோட்டுல தான் நடக்கறான். ரெண்டாவது சீசன் கடைசில பா சிங் சே நகரத்துக்கு அடில, மாமா ஐரோ பக்கம் வந்துடுவான்னு நாம எல்லாரும் நம்பிக்கிட்டு இருக்கும்போது தங்கச்சி அசூலா பக்கம் போய் நிக்கறானே, அது எவ்வளவு வலிச்சுச்சு. ஆனா அதுக்குப் பிறகு மூணாவது சீசன்ல அவன் திரும்பி வர்றது அவ்வளவு எடை உள்ளதா இருக்கறதுக்கு அந்தத் துரோகம் தான காரணம். நல்ல கேரக்டர்னா நேர் கோட்டுல நல்லவனா ஆகறவன் கிடையாது, நடுவுல சறுக்கி, சறுக்கின இடத்துல இருந்து எழுந்து வர்றவன். இதை ஒரு எழுத்தாளர் உக்காந்து எழுதலாம். டைஸ் உருட்டி ஆடற ஒரு கேம்ல, யாருமே திட்டம் போடாம, தானா நடக்க வைக்க முடியுமாங்கறது தான் என் சந்தேகம். நடக்குது. எங்க டேபிள்ல நடந்தத சொல்றேன்.

நாங்க எடுத்தது நூறு வருஷப் போர் காலம். புக்ல அஞ்சு காலகட்டம் குடுத்திருக்காங்க, கியோஷி, ரோக்கு, நூறு வருஷப் போர், ஆங், கோரா. போரைத் தவிர மத்த நாலும் அந்தந்த காலத்து அவதாரோட பேரு. ஒவ்வொண்ணுக்கும் உலகம் எப்படி இருந்துச்சு, என்ன பிரச்சனை ஓடுச்சுன்னு விளக்கம் இருக்கு, படிக்கறதுக்கே தனியா ஒரு சுகம். போர் காலம்னா அவதார் பனிக்கட்டிக்குள்ள தூங்கற நேரம், காப்பாத்த ஆள் வராது, அது எங்களுக்குப் புடிச்சுது. அப்புறம் குரூப் எதுக்காக சேர்ந்திருக்குன்னு ஒண்ணு எடுக்கணும், யாரையாவது தோற்கடிக்கவா, காப்பாத்தவா, எதையாவது மாத்தவா, கொண்டு சேர்க்கவான்னு. நாங்க காப்பாத்தறது எடுத்தோம். எர்த் கிங்டம் எல்லையில ஆத்தோரமா ஒரு சுரங்க கிராமம், போரைத் தொடங்கின ஃபயர் நேஷன் நாட்டுப் படை வந்து உக்காந்திருக்கு, அந்த மக்களைப் பத்திரமா வெளில கொண்டு போகணும், அவ்வளவு தான் கதை.

என் கேரக்டர் மெய்லின், மண்ணை ஆளற பொண்ணு, பிளேபுக் ஹேமர். ஹேமரோட ரெண்டு கொள்கை பலமும் அக்கறையும். ஹேமருக்கு எப்பவும் ஒரு எதிரி இருக்கணும்னு விதியே இருக்கு, அவ உடைச்சுத் தள்ளணும்னு நினைக்கற எல்லாத்துக்கும் அந்த ஆள் தான் முகம். எனக்கு அந்தப் படையோட கேப்டன். கூட ஆடினவங்கள்ல ஒருத்தர் ஐடியலிஸ்ட், தண்ணிய ஆளறவர். ஒருத்தர் ரோக், ஃபயர் நேஷன் படைல இருந்தே ஓடி வந்த பையன். இன்னொருத்தர் கார்டியன், ஈட்டி புடிச்ச ஆளு. கார்டியன் பிளேபுக் எடுக்கறவங்க குரூப்ல ஒருத்தர தன் பொறுப்புல எடுத்துக்கணும், அவர் மெய்லினை எடுத்தார். அப்ப எனக்கு அது சும்மா ஒரு கட்டம் நிரப்பற மாதிரி தான் தெரிஞ்சுது, பின்னாடி தான் அதோட அருமை புரிஞ்சுது.

முதல் அஞ்சு செஷன்ல மெய்லின் எல்லாப் பிரச்சனையையும் உடைச்சே தீர்த்தா. கேட்டை உடைச்சா, சுவரு உடைச்சா, வண்டி உடைச்சா. ஒவ்வொரு தடவையும் அது வேலை செஞ்சுது, அது தான் சிக்கல், ஏன்னா கொள்கைப்படி வாழறேன்னு ஒரு மூவ், அதாவது கேரக்டர் எடுக்கற ஒரு செயலுக்கான விதி, இருக்கு, ஒரு ஃபெடீக் குடுத்தா ஸ்டேட்டுக்குப் பதிலா அந்தக் கொள்கையோட எண்ணை வச்சு உருட்டலாம். பலம் பிளஸ் 2, அப்புறம் பிளஸ் 3. பிளஸ் 3ங்கறது இந்த கேம்ல பெரிய எண்ணு. கேம் உங்களுக்கு சந்தோஷமா குடுக்கும், இந்தா எடுத்துக்கோ, எடுத்துக்கோன்னு. நீங்க ஓரத்துல நிக்கறீங்கன்னு அப்ப தெரியாது.

ஆறாவது செஷன். கேப்டன் பாலத்து மேல ஓடறான். பாலத்துல நிலக்கரி தூக்கிட்டுப் போற கிராமத்து ஆளுங்களும் இருக்காங்க. மெய்லின் பாலத்தோட தூணை உடைக்கப் போறா. இந்த இடத்துல ஐடியலிஸ்ட் ஆடினவர் டேபிள்ல கைய வச்சு, "மெய்லின், இவங்கள காப்பாத்தறேன்னு சொல்லித் தான என்னை இங்க கூட்டிட்டு வந்த"ன்னார். இது ஒரு மூவ், கால் அவுட்னு பேரு. ஒருத்தரோட கொள்கையை ஞாபகப்படுத்தி அதுபடி நடன்னு எல்லார் முன்னாடியும் கேக்கறது. கேக்கறவர் சும்மா கேக்க முடியாது, தன்னோட பேலன்ஸும் நடுவுல இருந்து ஒரு படி தள்ளிப் போகும். அப்புறம் உருட்டும்போது தன்னோட எண்ணை சேர்க்கறதில்ல, கேக்கப்படற ஆளோட கொள்கை எண்ணை சேர்க்கணும். அவர் கேட்டது என்னோட அக்கறையை. என் பலம் பிளஸ் 3ல நிக்குது, அப்போ அக்கறை மைனஸ் 3. டைஸ்ல 9 விழுந்துச்சு, மத்த எந்த நேரமா இருந்தாலும் அது ஜெயிச்ச எண்ணு. மூணு போக 6. தோல்வி.

டேபிளே அமைதியாயிடுச்சு. ஒரு ஆள் எவ்வளவு தூரம் ஒரு பக்கமா போயிட்டாளோ அவ்வளவுக்கு ஃபிரெண்டோட குரல் அவ காதுல விழாது, இத ஒரு கழித்தல் கணக்குல வச்சிருக்காங்க. நான் எத்தனையோ கேம் ஆடியிருக்கேன், ஒரு விதி என் நெஞ்சுல வந்து உக்காந்தது அன்னிக்கு தான்.

உருட்டல் தோத்ததால ஜிஎம் என் பேலன்ஸை பலத்து பக்கம் இன்னும் ஒரு படி தள்ளினார், ஆனா அந்தப் பக்கம் படியே இல்ல. கோட்டுக்கு வெளில போனா பேலன்ஸ் போச்சு. அப்போ மூணு வழி தான், எதிராளிகிட்ட பணிஞ்சு போகணும், இல்ல கட்டுப்பாடு இழந்து நாசம் பண்ணணும், இல்ல கொள்கையோட உச்சத்துக்குப் போய் ஒரு காரியம் பண்ணிட்டு அங்கிருந்து ஓடணும். நான் மூணாவது எடுத்தேன். பாலம் விழுந்துச்சு. கேப்டன் தப்பிச்சுட்டான். யாரும் சாகல, ஆனா ஒரு பெரியவருக்குக் கால் போச்சு. மெய்லின் காட்டுக்குள்ள ஓடினா. விதிப்படி அவளோட களைப்பு, கண்டிஷன் எல்லாம் துடைச்சுப் போயிடும், உடைச்சு முடிச்சதும் வர்ற அந்த வெறுமை மாதிரி, பேலன்ஸோட நடுப்புள்ளியும் பலத்து பக்கம் ஒரு படி நகந்து நிக்கும். இனி அவளோட சமநிலைங்கறதே வேற இடம். நடந்தது நடந்தது தான்னு ஷீட்லயே எழுதி வைக்கற மாதிரி.

அடுத்த செஷன்ல கார்டியன் தேடி வந்தார். அந்தப் பெரியவரைப் பத்தி அவர் சொன்னதும் ஜிஎம் மெய்லினுக்குக் குற்ற உணர்ச்சி மார்க் பண்ண சொன்னார். அப்புறம் அவர் ஆறுதல் சொல்ற மூவ் பண்ணார், உருட்டல் ஜெயிச்சுது. அந்த மூவ்ல ஆறுதலை ஏத்துக்கிட்டா ஒரு கண்டிஷனையோ ரெண்டு ஃபெடீக்கையோ எடுத்துடலாம், பதிலுக்கு ஆறுதல் சொன்னவர் ஒரு கேள்வி கேக்கலாம், பொய் சொல்லக் கூடாது. அவர் கேட்ட கேள்வி: "பாலத்துல ஆளுங்க இருந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?" நான் ரொம்ப நேரம் எதுவும் பேசல. மெய்லின் "தெரியும்"னு சொன்னா. நான் குற்ற உணர்ச்சியை எடுக்கல, அவ அதை வச்சுக்கணும்னு தோணுச்சு. கடைசி செஷன் வரைக்கும் அந்தக் கட்டம் மார்க்காவே இருந்துச்சு.

சரி, குறைகளுக்கு வரேன், இருக்கு.

பெரிய குறை சண்டை. மத்த விதி எல்லாம் ஒரே மாலைல கத்துக்கலாம், சண்டை விதி எங்களுக்குப் பழகவே மூணு செஷன் ஆச்சு. எக்ஸ்சேஞ்ச்னு பேரு, ஒவ்வொரு சுத்துலயும் எல்லாரும் மூணுல ஒரு வழி எடுக்கணும், தற்காத்துக்கறதா, முன்னேறித் தாக்கறதா, விலகி நின்னு கவனிக்கறதா. தற்காப்பு முதல்ல நடக்கும், அப்புறம் தாக்குதல், கடைசில கவனிக்கறது. கேக்கும்போது சுலபமா இருக்கும். ஆனா ஒவ்வொரு வழிக்கும் தனித் தனி டெக்னிக், ஒவ்வொரு டெக்னிக்கையும் இப்ப தான் கத்துக்கிட்டது, பயிற்சில இருக்கறது, கை வந்ததுன்னு மூணு நிலை, எந்த நிலைல இருக்கறத எந்த உருட்டலுக்கு பயன்படுத்தலாம்னு ஒரு கணக்கு, அதுக்கு மேல ட்ராப்டு, ஸ்டன்டு, எம்பவர்டு, இன்ஸ்பையர்டுன்னு எட்டு ஸ்டேட்டஸ். பேசிப் பேசி, கதை சொல்லி, அப்படியே மிதந்து போய்க்கிட்டு இருக்கற ஒரு கேம் சண்டைன்னு வந்ததும் திடீர்னு கணக்குப் பாடம் மாதிரி நிக்குது. அதுவும் ஷோல சண்டை எப்படி இருக்கும், ஒரே மூச்சுல பாயும், நடனம் மாதிரி. எங்க முதல் சண்டைல ஒரு சுத்து முடியவே அரை மணி நேரம் ஆச்சு, ஒருத்தர் எந்திரிச்சுப் போய் தண்ணி குடிச்சுட்டு வந்துட்டார், அவர் முறை இன்னும் வரல. நாங்க கண்டுபிடிச்ச வழி, ஆளுக்கு ஒரு அட்டைல தன்னோட டெக்னிக்கை மட்டும் எழுதி முன்னாடி வச்சுக்கறது, ஸ்டேட்டஸ் விளக்கத்தை ஒரே தாள்ல எழுதி டேபிள் நடுவுல வைக்கறது, சின்னச் சின்ன அடியாளுங்க கூட நடக்கற மோதலுக்கு எக்ஸ்சேஞ்ச் வேணாம்னு விட்டுட்டு ஒரே மூவ்ல முடிக்கறது. இந்த மூணும் பண்ண பிறகு சண்டையும் ஓட ஆரம்பிச்சுது.

இன்னொரு குறை, இது ஆளைப் பொறுத்தது. தீயை ஆளறவர் அடிச்சாலும் ஈட்டிக்காரர் அடிச்சாலும் அடிப்படை விதி ஒண்ணு தான். தீ, மண், தண்ணின்னு எதை ஆளறீங்கங்கறது பேச்சுல தான் தெரியும், எண்ணுல பெருசா தெரியாது, சிறப்பு டெக்னிக் எடுத்தா தான் கொஞ்சம் வித்தியாசம். எங்க டிராகன்ஸ்காரருக்கு இது கடைசி வரைக்கும் மனசு ஒப்பல, அவருக்கு நெருப்பு விட்டா இத்தனை அடி தூரம், இத்தனை டைஸ் சேதம்னு புக் சொல்லணும். எனக்கு இதுவே புடிச்சுது. ஷோல மண்ணை ஆளற டோஃப் கண்ணு தெரியாம காலாலயே உலகத்த பாத்தா, யாராலயும் முடியாதுன்னு சொன்ன உலோகத்தையே வளைச்சா, அதை எந்தப் பட்டியல்ல இருந்து எடுத்தா? பட்டியல் இல்லாத இடத்துல தான் கற்பனை ஓடும். ஆனா உங்க குரூப்ல எல்லாரும் எண்ணுக்காரங்கன்னா இந்தப் புக்கை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ அவங்ககிட்ட பேசிடுங்க.

அதே சண்டை விதிக்குள்ள ஒரு ரத்தினம் இருக்கு, அத சொல்லலன்னா நியாயம் இல்ல. விலகி நின்னு கவனிக்கற வழில டெஸ்ட் பேலன்ஸ்னு ஒரு அடிப்படை டெக்னிக், எல்லாருக்கும் இருக்கு. ஒரு ஃபெடீக் குடுத்து எதிராளியோட கொள்கையைக் கிளறிப் பாக்கலாம். அதாவது சண்டை நடுவுல நின்னு, நீ எதுக்காக இத பண்றன்னு கேக்கறது ஒரு அடிக்கு சமம். வில்லனுக்கும் ஒரு கொள்கை உண்டு, அவனுக்கும் பேலன்ஸ் உண்டு, அதையும் கவுக்கலாம். எங்க கடைசி செஷன்ல கேப்டன் கூட நடந்த சண்டைய நாங்க ஜெயிச்சது இப்படித் தான். அவனோட கொள்கை கடமை. கார்டியன் தற்காப்புல நின்னு எங்களை மறைச்சுக்கிட்டார், ரோக் ஆடின பையன் தன்னோட பழைய கேப்டன்கிட்ட, அன்னிக்கு என்னை ஏன் தப்பிச்சுப் போக விட்டீங்கன்னு கேட்டார், ஐடியலிஸ்ட் அந்த கால் போன பெரியவரோட பேரை சொன்னார். மெய்லின் அடிக்கவே இல்ல. கிராமத்து ஆளுங்களை விட்டுடு, என்னை எடுத்துக்கோன்னு கையை நீட்டினா, அது தியாகம், அப்ப தான் அந்தக் குற்ற உணர்ச்சிக் கட்டத்தை அழிச்சேன். மூணாவது டெஸ்ட் பேலன்ஸ்ல கேப்டன் பேலன்ஸ் இழந்தான், ஜிஎம் அவன் பணிஞ்சு போற வழியை எடுத்தார். ஷோ ஹீரோ ஆங் கடைசில வில்லன் ஓசாயைக் கொல்லாம வேற வழி தேடறானே, அந்த எபிசோட் முதல் தடவ பாத்தப்போ வந்த அதே சிலிர்ப்பு. இந்தத் தடவ அது எங்க வாயால வந்துச்சு.

கேக்க வர்ற ஒரு கேள்விக்கு இப்பவே பதில், ஆங்கா ஆட முடியுமா, ஜூக்கோவா ஆட முடியுமா? இந்த கேம் அதுக்காகப் பண்ணது இல்ல, உங்க சொந்தக் கேரக்டரைத் தான் உருவாக்கணும். ஆரம்பத்துல சிலருக்கு ஏமாற்றமா இருக்கும், எங்கள்ல ஒருத்தர் ஷோல வர்ற சொக்கா மாதிரி ஆடணும்னே வந்தார். ஆனா தெரிஞ்ச கேரக்டரை ஆடினா அவங்க என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், பேலன்ஸ் ட்ராக்குக்கு அங்க வேலையே இருக்காது. இரண்டாவது செஷனுக்குள்ள அவரே சொக்காவை மறந்துட்டார்.

ஷோ பாக்காதவங்க ஆடலாமா? ஆடலாம், எங்க கார்டியன் ஒரு எபிசோடு கூட பாக்காம தான் வந்தார், எங்களை எல்லாம் விட நல்லா ஆடினார். ஜிஎம் மட்டும் பாத்திருக்கணும், கண்டிப்பா.

ஒரு சின்ன கிளைக்கதை. டேபிள்ல இருந்து அனிமேஷன் ஷோ வர்றது நமக்குப் பழகின பாதை. 1990ல வந்த ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார் அனிமே ஒரு குரூப் ஆர்பிஜி ஆடினதுல இருந்து முளைச்சது. லெஜண்ட் ஆஃப் வாக்ஸ் மெஷினா கிரிட்டிக்கல் ரோல் குரூப் ஆடின கேம்பெயின்ல இருந்து வந்தது, 2019ல ரசிகர்கள் கிக்ஸ்டார்ட்டர்ல ஒரு கோடி டாலருக்கு மேல குடுத்தாங்க, 2022 ஜனவரில பிரைம்ல ஓட ஆரம்பிச்சுது. அவதார் லெஜண்ட்ஸ் எதிர்த் திசைல வருது, ஷோல இருந்து டேபிளுக்கு. எதிர்த் திசை கஷ்டம்னு நினைக்கறேன், ஏன்னா பெயரையும் படத்தையும் மட்டும் ஒட்டி வேற ஒரு கேமை வித்துடலாம், ரசிகர்கள் வாங்கிடுவாங்க. இவங்க அப்படி பண்ணல, ஷோவோட உள்ளிருந்து விதியை எடுத்திருக்காங்க, அதனால தான் எனக்கு இவ்வளவு மரியாதை.

புக் பாக்க அழகு, படங்கள் ஷோ பாணிலயே இருக்கு, பக்கம் புரட்டினாலே அந்த உலகத்துக்குள்ள போயிடுவோம். ஆனா ஆட்டத்து நடுவுல ஒரு விதியைத் தேடணும்னா கொஞ்சம் திண்டாட்டம், பேலன்ஸ் பத்தின விஷயம் ரெண்டு மூணு அத்தியாயத்துல பரவி இருக்கு, நாங்க ஒட்டுத்தாள் ஒட்டி வச்சோம். வான் ஷி டாங்ஸ் அட்வெஞ்சர் கைடுன்னு கூடுதல் புக்கும் இருக்கு, அதுல இன்னும் சில பிளேபுக் வருது, வயசானவரா ஆடறதுக்கு எல்டர் கூட இருக்கு, ஐரோ மாதிரி ஆளை ஆடணும்னு ஆசைப்படறவங்களுக்கு அது ஒண்ணே போதும். முதல் தடவ ஆடறவங்க அதை வாங்க வேணாம், கோர் புக் போதும். 2021லயே குயிக்ஸ்டார்ட்னு இலவசமா ஒரு பிடிஎஃப் வெளியிட்டாங்க, அதை வச்சு ஒரு செஷன் ஆடிப் பாத்துட்டு முடிவு பண்ணலாம், நாங்களும் அப்படித் தான் ஆரம்பிச்சோம். ஜிஎம்மோட சேர்த்து நாலு இல்ல அஞ்சு பேர் இருந்தா சரியா இருக்கும், அதுக்கு மேல போனா எல்லாரோட மனப்போராட்டத்துக்கும் நேரம் கிடைக்காது, சண்டையும் இழுக்கும்.

அஞ்சுக்கு எத்தனைன்னு கேட்டா, பேலன்ஸ் ட்ராக்குக்கு மட்டும் அஞ்சும் குடுப்பேன், சண்டைக்கு மூணு, மொத்தமா நாலரை.

அடுத்த கேம்பெயின் கோரா காலம், இந்தத் தடவ நான் ஜிஎம். கார்டியன் ஆடினவர் இப்ப சக்ஸெஸர் எடுத்திருக்கார், டிராகன்ஸ்காரர், "உயிர் எங்க?"ன்னு கேட்டாரே அவரே தான், ஹேமர் வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டார். அவருக்கு யாரை எதிரியா குடுக்கறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.